தீ வைத்தவர்களுக்கு என்ன பெயர்?
வெண்மணி நினைவுச் சொற்பொழிவு, கோட்டுச்சேரி



டிசம்பர் மாதக் கூட்டத்தில் வெண்மணியைப் பற்றிப் பேசுவது நம் இலக்கிய அரங்கின் வழக்கம். இந்த வழக்கத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஆண்டுதோறும் நினைவுகூரும் ஒன்றை மெல்லமெல்லச் சடங்காக்கிவிடுவோம். மாலை போடுவோம், முழக்கம் எழுப்புவோம், தேநீர் குடித்துக் கலைவோம். அப்படிக் கலையாமல் இருக்க, இன்று ஒரே ஒரு கேள்வியை உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு நடந்ததற்கு என்ன பெயர்? அதைச் செய்தவர்களுக்கு என்ன பெயர்?

வெண்மணி நமக்குத் தொலைவில்லை. இங்கிருந்து புறப்பட்டு, காரைக்கால், திருமலைராயன்பட்டினம் கடந்து, வாஞ்சூரில் எல்லையைத் தாண்டி, நாகூர், நாகப்பட்டினம் வழியாக மேற்கே கீழ்வேளூர்ப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். காலையில் கிளம்பியவர் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். எல்லைக்கு இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் நாம். நடவுக்கும் அறுப்புக்கும் எல்லை பார்க்காமல் போய்வந்தவர்கள். ஆனால் சட்டம் எல்லை பார்த்தது. 1952இல் தஞ்சை மாவட்டத்துக் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாள்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தச் சட்டம் நம் வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. பண்ணையும் சேரியும் மட்டும் இருபுறமும் ஒன்றுபோலவே இருந்தன.

அந்த இரவு

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சாணிப்பாலும் சவுக்கடியும் கீழத்தஞ்சைப் பண்ணைகளில் அன்றாடத் தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் சேரிகளுக்குள் வந்து தங்கிச் சங்கம் கட்டிய பிறகுதான் அது குறையத் தொடங்கியது. அடித்தால் திருப்பிக் கேள் என்ற துணிவு அங்கிருந்து வந்தது. 1960களின் நடுவில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கேட்டது அரைப்படி நெல். அதை எதிர்க்க நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர், அபராதம் கட்டு என்று ஊர் ஊராக நெருக்கினார்கள். வெண்மணி மக்கள் கொடியை இறக்கவில்லை. ஊரைக் கொளுத்துவோம் என்ற மிரட்டல் பற்றி முன்கூட்டியே அரசுக்குப் புகார் போயிருந்தது.

அன்றிரவு ஆயுதங்களோடு வந்தவர்கள் சேரியைச் சூழ்ந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் சிறிய குடிசைக்குள் ஒடுங்கினார்கள். அந்தக் குடிசை வெளியிலிருந்து கொளுத்தப்பட்டது. 44 பேர் எரிந்து இறந்தார்கள்.

நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 8 பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வசதியான மிராசுதார்கள், அவர்களில் ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. மைதிலி சிவராமன் அதே ஆண்டில் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை வரிவரியாகப் பிரித்து எழுதினார். அதே நாளில் நடந்த மோதலில் நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவர் இறந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள்.

அன்று முதல் வெண்மணிக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டன. கூலித் தகராறு என்றார்கள். இரு சங்கங்களுக்கு இடையே மோதல் என்றார்கள். அசம்பாவிதம் என்றார்கள். நம் தோழர்கள் படுகொலை என்றார்கள், வர்க்கப் போர் என்றார்கள், சாதி வெறியாட்டம் என்றார்கள். அரசும் செய்தித்தாளும் ஒருபோதும் பயன்படுத்தாத சொல் ஒன்று உண்டு: பயங்கரவாதம்.

ஐம்பத்தெட்டும் ஐம்பத்தெட்டும்

அந்தச் சொல் யாருக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம்.

1997 டிசம்பர் 1 இரவு, பீகாரில் சோன் ஆற்றங்கரையில் உள்ள லட்சுமண்பூர் பாத்தே என்ற ஊருக்குள் ரண்வீர் சேனா புகுந்தது. நிலவுடைமைச் சாதியினர் 1994இல் போஜ்பூர் மாவட்டம் பேலாவூரில் தொடங்கிய படை அது. பீகார் அரசு 1995இலேயே அதைத் தடை செய்திருந்தது. தடை இருக்கும்போதே 1996இல் பத்தானி தோலாவில் 21 பேரைக் கொன்றது. பாத்தேயில் கொல்லப்பட்டவர்கள் 58 பேர். கைக்குழந்தைகளும் அதில் அடக்கம்.

பதினோரு வாரங்களுக்குள், 1998 பிப்ரவரி 14 அன்று, கோவையில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 58 பேர்.

எண்ணிக்கை ஒன்றுதான். கோவைக் குண்டுவெடிப்பு பயங்கரவாதம் என்று அன்று மாலையே பெயர் பெற்றது. தனி நீதிமன்றம் அமைந்தது, 2007இல் 150க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள். அந்தப் பெயர் சரியானதுதான். கடைவீதியில் நின்ற ஏழை எளியவர்களைச் சிதறடித்ததற்கு வேறு பெயர் இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு அதே கோவையில் முஸ்லிம்கள் 18 பேர் கொல்லப்பட்டார்கள். அது கலவரம் என்று எழுதப்பட்டது. பாத்தேயோ சாதி மோதல் என்ற தலைப்பில் நின்றது. 2010இல் பாட்னா அமர்வு நீதிமன்றம் 26 பேருக்குத் தண்டனை விதித்தது. 2013 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. பத்தானி தோலா வழக்கிலும் அதற்கு முந்தைய ஆண்டு அப்படியே நடந்தது. ரண்வீர் சேனாவுக்கும் அரசியல்வாதிகளுக்கும் இருந்த தொடர்பை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி அமீர் தாஸ் ஆணையம் 2006இல் கலைக்கப்பட்டது.

ஒரு சாவைவிட இன்னொரு சாவு பெரிது என்று சொல்ல இதை எடுக்கவில்லை. ஒரே அளவு சாவுக்கு இரண்டு பெயர்கள் வரும்போது, அதன் பிறகு நடப்பவை எல்லாம் இரண்டாகப் பிரிகின்றன என்பதைக் காட்டவே எடுத்தோம். மோதல் என்று எழுதினால் காவல்துறை இரண்டு தரப்பைத் தேடும். பயங்கரவாதம் என்று எழுதினால் ஒரு அமைப்பைத் தேடும். யார் கூட்டம் போட்டார்கள், யார் பணம் தந்தார்கள், யார் எந்தப் பேச்சைப் பேசி இளைஞர்களைச் சேர்த்தார்கள் என்று கேட்கும். வெண்மணியில் இந்தக் கேள்விகள் வழக்கின் மையத்துக்கு வரவில்லை. நீதிபதிகளுக்கு முன்னால் ஒரு சங்கம் நிற்கவில்லை. காரும் நிலமும் உள்ள சில தனி மனிதர்கள் நின்றார்கள். தனி மனிதராகப் பார்த்தால் அவர்கள் கனவான்களாகத் தெரிந்தார்கள்.

இதில் மதம் எங்கே?

நம் தோழர்களில் சிலர் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள். வெண்மணி கூலிக்கான போராட்டம். அதில் மதத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நியாயமான கேள்வி. பதில் சொல்ல மகாத் வரை போக வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் ஊரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். ஆயிரக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள். அரைப்படி நெல்கூட யாரும் கேட்கவில்லை. நிலமும் கேட்கவில்லை. பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர். அடுத்து இவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று ஊருக்குள் வதந்தி கிளம்பியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தடியால் அடித்தார்கள். பின்னர் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் ஊற்றி, மந்திரம் ஓதி, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அடியும் மந்திரமும் சேர்ந்தே வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அதே மகாத்தில் மனுநூல் எரிக்கப்பட்டது. அந்தத் தேதி டிசம்பர் 25.

நாற்பத்தொரு ஆண்டு கழித்து அதே டிசம்பர் 25இல் வெண்மணி எரிந்தது. கொளுத்தியவர்கள் தேதி பார்த்துக் கொளுத்தினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நெருப்புக்கும் நடுவில் உள்ள உறவை நாம் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு பிறவி ஏவல் செய்யவே படைக்கப்பட்டது என்று சொல்லும் நூலை மகாத்தில் எரித்தோம். ஏவல் செய்ய மறுத்தவர்களை வெண்மணியில் எரித்தார்கள். கூலி கேட்டது பொருளாதாரம்தான். கேட்டவர் யார் என்பதில்தான் மிராசுக்கு வெறி ஏறியது. நேற்றுவரை கைகட்டி நின்றவன், தன் தெருவில் தன் கொடியை ஏற்றிவிட்டு இறக்க மாட்டேன் என்கிறான். அது அவர்களுக்குக் கூலிக் கணக்கு தப்பியது மட்டுமல்ல, உலக ஒழுங்கே தப்பியது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு ஊரைச் சூழ்ந்து ஒரு பகுதியை மட்டும் எரிக்க வேண்டுமானால், அந்தப் பகுதி தனியாக இருக்க வேண்டும். சேரியைத் தனியே வைத்தது எது? தீட்டு. தீட்டு எந்தப் பொருளாதார நூலிலும் இல்லை. நூறு தலைமுறையாகத் தீட்டு வரைந்த கோட்டின் மேல்தான் 1968இல் ஆள்களை நிறுத்தினார்கள்.

இது ஒரு மதத்தோடு முடிகிற நோய் என்றும் நாம் சொல்லவில்லை. 1745இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் தேவாலயத்துக்குள்ளேயே பறையர் கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவரையும், அதை இடிக்கச் சொல்லி நம் மக்கள் பாதிரியாரிடம் முறையிட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவரைக் கட்டியவர்களுக்குப் பைபிள் புதிது, சாதி பழையது.

கடல் கடந்தும் இதே கதை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல், அடிமைகள் விடுதலையான சில மாதங்களில், டென்னசி மாநிலத்துப் புலாஸ்கி ஊரில் கு க்ளக்ஸ் கிளான் தொடங்கியது. தொடங்கியவர்கள் தோற்ற படையின் முன்னாள் வீரர்கள். கறுப்பர்களின் அடிமைத்தனத்துக்கு நோவாவின் சாபத்தை ஆதாரம் காட்டிய பிரசங்கங்கள் அவர்களுக்கு முன்பே இருந்தன. 1915இல் ஜார்ஜியாவில் கிளானை மீண்டும் எழுப்பிய வில்லியம் சிம்மன்ஸ் முன்பு பாதிரியாராக இருந்தவர். எரியும் சிலுவை அவர்களின் அடையாளமானது. வாக்குச்சாவடிக்கு வந்த கறுப்பரை, பள்ளிக்கூடம் கட்டிய கறுப்பரை, நிமிர்ந்து பார்த்த கறுப்பரைத் தேடிப்போய்க் கொன்றார்கள். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, பர்மிங்காம் நகரத்துப் பதினாறாம் தெருத் தேவாலயத்தில் அவர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. தேவனின் பெயரால் இயங்கிய கூட்டம் தேவாலயத்தையே தகர்த்தது என்பதை நாம் முரணாகப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தேவாலயம் கறுப்பர்கள் கூடிய இடம், உரிமைப் போராட்டத்துக்குத் திட்டமிட்ட இடம். அவர்களுக்கு அது போதும்.

இந்த ஒப்புமையை நம் முன்னோடிகள் வெகுகாலம் முன்பே கண்டார்கள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கறுப்பினப் போராளிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2001இல் தர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது சாதியையும் சேருங்கள் என்று தலித் இயக்கங்கள் கேட்டன. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு தடுத்தது. வேறுதான். தோலின் நிறம் பார்த்து அடையாளம் காண்பது அங்கே. தெருப் பெயர் கேட்டு அடையாளம் காண்பது இங்கே. பிறப்பைக் குற்றமாக்குவதில் இரண்டும் ஒன்று.

நான்கு அடையாளங்கள்

எல்லா வன்முறையையும் பயங்கரவாதம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இராது. ஆகவே நாம் பார்க்க வேண்டிய அடையாளங்கள் நான்கு என்று நினைக்கிறோம்.

முதலாவது, சங்கம். வெறி என்று நாம் சொல்லும்போது ஏதோ திடீரென்று தலைக்கேறியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வெண்மணிக்கு முன்னால் பதவிகளும் தலைவரும் கொண்ட சங்கம் இருந்தது. பாத்தேக்கு முன்னால் சேனா இருந்தது. வெறிக்கு உறுப்பினர் சேர்க்கை நடக்காது.

இரண்டாவது, அறிவிப்பு. பயங்கரவாதம் தன்னை மறைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லும். கொடியை இறக்காவிட்டால் கொளுத்துவோம். போட்டியிட்டால் கொல்வோம். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதியானபோது வேட்புமனு போடவே விடாமல் மிரட்டினார்கள். அதை மீறி வென்ற முருகேசனும் உடன் இருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று, ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மிரட்டல் மனுக்கள் அரசு அலுவலகங்களில் எப்போதும் சாவுக்கு முன்பே வந்து சேர்கின்றன.

மூன்றாவது, இலக்கு. அடிபடுபவர் ஒருவர், பயப்பட வேண்டியவர் எல்லோரும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். காரணமாகச் சொன்னது ஒரே ஒரு காதல் திருமணம். பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடும், பீரோவும், இருசக்கர வண்டியும், சான்றிதழும் எரிந்தன. ஒரு பையனின் திருமணத்துக்கு 250 குடும்பங்களின் முப்பதாண்டு உழைப்பு எதற்கு எரிய வேண்டும்? நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லா ஊருக்கும் காட்டத்தான்.

நான்காவது, தீர்ப்புக்குப் பிறகான பாதுகாப்பு. பர்மிங்காமில் சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்கள் 1965இலேயே எஃப்.பி.ஐ. கையில் இருந்தன. முதல் தண்டனை 1977இல் வந்தது, கடைசித் தண்டனை 2002இல். மேலவளவு வழக்கில் 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். 2008இல் மூவரும் 2019இல் பதின்மூவரும் தலைவர்களின் நூற்றாண்டு விழாக்களையொட்டி முன்விடுதலை செய்யப்பட்டார்கள். இந்தச் சலுகையும் ஒரு செய்திதான். கொன்றவர்களுக்கும் அது போய்ச் சேரும், மிச்சமிருப்பவர்களுக்கும் போய்ச் சேரும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொல்லப்பட்டார். 2012இல் ரண்வீர் சேனாவின் பிரம்மேஷ்வர் சிங் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் செய்தி வந்தபோது பலர் மனத்துக்குள் ஆறுதல் அடைந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் செத்தார், சங்கம் என்ன செய்தது என்பது எந்த நீதிமன்ற ஏட்டிலும் நிரூபணமாகாமலே போனது. நமக்கு வேண்டியது அந்த ஏடு.

அமைப்பைத் தேடியபோது

அமைப்பைத் தேடினால் கிடைக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. பகுத்தறிவாளர்கள் நரேந்திர தபோல்கர் 2013இலும், கோவிந்த் பன்சாரே, எம்.எம். கல்புர்கி 2015இலும், இதழாளர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்றும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதல் மூன்றும் தனித்தனி வழக்குகளாகக் கிடந்தன. கௌரி கொலையில் கர்நாடகச் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒரு வலைப்பின்னலைத் தேடியது. கல்புர்கியைக் கொன்ற துப்பாக்கியே கௌரியையும் கொன்றது என்று தடய ஆய்வு காட்டியது. மதத்தைக் காப்பதாக நம்பவைத்து இளைஞர்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்த கூட்டம் வெளிச்சத்துக்கு வந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 21 வயதுப் பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தவரைக் கடத்திப் போனார்கள். மறுநாள் ரயில் பாதையில் உடல் கிடந்தது. தற்கொலை என்று முடித்துவிடப் பார்த்தார்கள். முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் ஒரு சாதி அமைப்பின் தலைவர். தலைமறைவாக இருந்துகொண்டே வாட்சப்பில் குரல் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். அதோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். கோகுல்ராஜின் தாய் விடவில்லை. வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. சிறப்பு அரசு வழக்கறிஞர் ப.பா. மோகன் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை வைத்துச் சங்கிலியைக் கோத்தார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தாங்களே அந்தக் கோயிலுக்குப் போய், கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

1973இல் நீதிபதிகள் காரைப் பார்த்தார்கள். 2023இல் கேமரா நின்ற இடத்தைப் பார்த்தார்கள். ஐம்பதாண்டு இடைவெளியில் நாம் பெற்றது இது. யாரும் நமக்குச் சும்மா தரவில்லை.

அந்த இடைவெளியில் வந்ததுதான் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இங்கிருக்கும் மாணவர்கள் அதன் 8ஆவது பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். ஒரு குழுவாகச் சேர்ந்து வன்கொடுமை செய்து, அது நிலத்தகராறு போன்ற முந்தைய தகராறின் தொடர்ச்சி என்று நிரூபணமானால், அந்தக் குழு பொது நோக்கத்தோடு செயல்பட்டதாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. பண உதவி செய்தவரைத் தூண்டியவராக அனுமானிக்கவும் அதில் இடம் இருக்கிறது. கூலித் தகராறுதானே என்று வெண்மணியில் தப்பிய வாசல் இங்கே அடைபடுகிறது. 2015இல் திருத்தப்பட்டுச் சேர்ந்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பைத் தருகிறது. ஜாமீன் விசாரணை உட்பட எல்லா விசாரணையையும் அவர்களுக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது. வாஞ்சூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்தச் சட்டம் ஒன்றுதான். 1952இல் நம்மை விட்டுவிட்டுப் போன எல்லை இதில் இல்லை.

சொல்லின் ஆபத்து

பயங்கரவாதம் என்ற சொல்லைக் கேட்கிறோமே, அது நம் கழுத்துக்கே கயிறாகாதா? ஆகும், ஆகியிருக்கிறது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, மக்களிடத்திலோ மக்களில் ஒரு பிரிவினரிடத்திலோ பயத்தை உண்டாக்கும் நோக்கத்தோடு வெடிபொருளையோ எரிபொருளையோ பயன்படுத்துவதைப் பயங்கரவாதச் செயல் என்கிறது. மக்களில் ஒரு பிரிவினர், எரிபொருள். இந்த இரண்டு சொற்களையும் படித்தபோது நமக்குக் கண் முன்னே வந்தது ராமையாவின் குடிசை. ஆனால் நாட்டில் அந்தச் சட்டம் யார்மீது பாய்ந்தது? பீமா கோரேகான் வழக்கில், கயர்லாஞ்சிப் படுகொலையைப் பற்றி நூல் எழுதிய ஆனந்த் தெல்தும்டே மீது பாய்ந்தது. அவர் சரணடைந்து கைதான நாள் 2020 ஏப்ரல் 14, அண்ணலின் பிறந்தநாள்.

ஆகவே அந்தக் கடுஞ்சட்டத்தை இவர்கள்மீதும் ஏவுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஜாமீன் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மனிதரை அடைத்துவைக்கும் சட்டம் கடைசியில் ஏழையைத்தான் தேடி வரும். நாம் கேட்பது பெயரை. எழுதும்போது, பேசும்போது, பாடம் நடத்தும்போது, புகார் மனு எழுதும்போது நடந்ததற்குரிய பெயரைச் சொல்ல வேண்டும். இரு பிரிவினர் மோதல் என்று செய்தித்தாள் எழுதினால் மறுநாளே மறுப்பு எழுத வேண்டும். ஒரு பக்கம் அரிவாளும் மறுபக்கம் பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தால் அதற்குப் பெயர் மோதல் இல்லை.

மணிக்கட்டில் கட்டிய கயிறு

முடிக்கும் முன் மாணவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவரை அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பிள்ளைகள். அந்த வயதில் அரிவாளைக் கையில் எடுக்கும் மனத்தை யார் தயாரித்தது? அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதி நிறக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிறு கட்டுவது எங்கள் மத நம்பிக்கை என்று உடனே எதிர்ப்புக் கிளம்பியது.

இதைத்தான் நாம் பார்க்கத் தவறக்கூடாது. மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக ஒரு பிள்ளையின் கையில் ஏறும் கயிறு, திருவிழாவில் அச்சிடும் பனியன், குருபூஜைக்குப் போகும் வண்டியில் ஒலிக்கும் பாட்டு, கைபேசியில் வரும் ஆண்ட பரம்பரைக் காணொளி, இவைதான் இன்றைய உறுப்பினர் சேர்க்கை. நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு அலுவலகம் வேண்டியிருந்தது. இப்போது ஒரு கைபேசி போதும். நம் பிள்ளைகளும் பதிலுக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறோம். அந்தக் கயிற்றை நாம் முதலில் அவிழ்க்க வேண்டும். அம்பேத்கர் சாதியை ஒழிக்கச் சொன்னார், தன் சாதிக்கு ஒரு நிறம் தேடச் சொல்லவில்லை.

வேலை என்ன என்று கேட்பீர்கள். பெரிய வேலை இல்லை, விடாத வேலை. உங்கள் ஊரில் மிரட்டல் வந்தால் தேதியோடு எழுதி வையுங்கள். பதிவுத்தபாலில் மனு அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். குரல் பதிவை அழிக்காதீர்கள். சாட்சியைத் தனியே விடாதீர்கள். வாய்தா நாளில் நாலு பேர் கூடப் போய் நீதிமன்ற வளாகத்தில் நில்லுங்கள். பிறழ்சாட்சி கோழை இல்லை. பெரும்பாலும் துணையில்லாமல் நின்றவர். நம் பாட்டி தாத்தாக்களிடம் கேட்டு எழுதுங்கள். எல்லை தாண்டி அறுப்புக்குப் போன நம் ஊர்ப் பெண்கள் 1968 மார்கழியில் என்ன கேள்விப்பட்டார்கள், அடுத்த நாள் வயலில் இறங்கினார்களா என்பது இன்னும் எங்கும் அச்சில் இல்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

1936இல் லாகூரில் பேச அழைத்த அமைப்பு உரையைப் படித்துவிட்டுக் கூட்டத்தையே ரத்து செய்தபோது, அம்பேத்கர் அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டார். பேச விடாத பேச்சு தொண்ணூறு ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறது. நம் அரங்கு இந்த உரைகளை அச்சிடுவதும் அந்த வழியில்தான். வெண்மணியில் 44 பேரின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. அடுத்த டிசம்பருக்குள் இங்கிருந்து ஒரு வண்டி பிடித்து மாணவர்கள் அங்கே போய்வர வேண்டும். கல்லில் உள்ள பெயர்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும். திரும்பி வரும் வழியில், அவர்களைக் கொன்றதற்கு என்ன பெயர் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.